ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் இதுவரை பேசியவர்களின் பட்டியலைத் தமிழ்த் துறைத் தலைவர் எனக்கு அனுப்பியிருந்தார். புலவர்கள், கல்வெட்டு அறிஞர்கள், நாட்டாரியல் ஆய்வாளர்கள். நான் எந்திரவியல் டிப்ளமோ படித்துவிட்டு, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ‘அயல்நாட்டுப் பணியும் பண்பாட்டு நுண்ணறிவும்’ என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. அது துறைத் தலைவர் வைத்த தலைப்பு. நான் வைத்த தலைப்பில் கடுதாசி இருந்தது. அச்சில் வரும்போது என் தலைப்பையே போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய மனத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பண்பாட்டு நுண்ணறிவு என்ற கருத்தைப் புத்தகமாக எழுதிப் பரப்பியவர்கள் கிறிஸ்டோஃபர் எர்லி, சூன் ஆங் என்னும் இரண்டு மேலாண்மைப் பேராசிரியர்கள். 2003இல் அந்தப் புத்தகம் வந்தது. சூன் ஆங் சிங்கப்பூரில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். நான்கு கூறுகள் சொல்கிறார்கள்: வேற்று மனிதரோடு பழகும் விருப்பம், அவர்கள் வழக்கங்களைப் பற்றிய தகவல், பழகும்போது நம் மனம் என்ன கணக்குப் போடுகிறது என்று கவனிக்கும் விழிப்பு, அதற்கேற்ப நடந்துகொள்ளும் திறன். எங்கள் ஊரில் இந்த நான்கையும் சேர்த்து ‘இடம் பொருள் ஏவல் தெரிந்தவன்’ என்று முடித்துவிடுவார்கள். ஜப்பானியர் ‘காற்றைப் படிக்கத் தெரிந்தவன்’ என்கிறார்கள்.

ஆனால் இடம் பொருள் ஏவல் தெரிந்தவனுக்கு அது தன் ஊரில்தான் தெரியும். ஊர் மாறியதும் அந்தச் சாமர்த்தியமே காலை வாரிவிடும். எனக்கு வாரியது.

1996 நவம்பரில் ஜப்பானுக்குப் போனேன். அய்ச்சி மாநிலம். நகோயாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் ஆலை. வண்டித் தொழிலே அந்த மாநிலத்தின் உயிர் என்று சொல்லலாம். டொயோட்டா என்ற நிறுவனத்தின் பெயரையே ஒரு நகரத்துக்கு வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் ஆறு மாதம் சென்னையில் மொழி படித்திருந்தேன். அது நமக்கு அவ்வளவு கடினமில்லை. ‘நான் நேற்று ஆலைக்குப் போனேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் வைத்தால் ஜப்பானிய மொழி வந்துவிடும். வினை கடைசியில் வரும். எதிர்மறையும் அந்தக் கடைசியில்தான் ஒட்டும். அதனால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசி, ‘போகிறேன்’ என்பதா ‘போகவில்லை’ என்பதா என்று கடைசி நொடியில் முடிவு செய்ய முடியும். தமிழ்த் துறையில் பேசுவதால் பேராசிரியர் சுசுமு ஓனோவைப் பற்றிச் சொல்வேன் என்று சிலர் காத்திருப்பீர்கள். தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று அவர் பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அந்த வழக்கில் சாட்சி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. தொடரமைப்பு ஒத்துப்போனதால் ஆறு மாதத்தில் பேச வந்தது, அது போதும்.

போன நான்காம் மாதம் ஒரு ஃபிக்ஸ்சரை மாற்றி அமைக்க யோசனை சொன்னேன். உதிரிபாகத்தை எந்திரத்தில் அசையாமல் பிடித்துவைக்கும் அமைப்பு அது. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். நான் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் தலையை ஆட்டி ‘ஹாய்’, ‘ஹாய்’ என்றார்கள். ஹாய் என்றால் ஆமாம் என்று பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசியில் மூத்தவர், ‘கென்தோ ஷிமாஸ்’ என்றார். ஆராய்கிறோம் என்று பொருள். நான் அறைக்குப் போய்த் தமிழ்நாட்டில் இருந்த எங்கள் ஆலைக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன்: யோசனை பிடித்துவிட்டது, ஏழு பேரும் ஆமாம் என்றார்கள், உருக்குக்கு ஆர்டர் போடலாம்.

ஆர்டர் போட்டார்கள். உருக்கும் வந்து முற்றத்தில் இறங்கியது. ஜப்பானில் ஏழு வாரமாகியும் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பிறகு விஷயம் தெரியவந்தபோது என்னை ஒருவரும் திட்டவில்லை. மூன்று வாரம் எனக்கு வேலை எதுவும் கொடுக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். அதுதான் திட்டு என்று புரிய எனக்கு இன்னொரு வாரம் பிடித்தது.

எங்கள் குழுத் தலைவரை ஹான்சோ என்று பதவிப் பெயர் சொல்லியே அழைப்போம். அறுபதை நெருங்கியவர். வேலை முடிந்து எல்லாரும் சேர்ந்து குடிக்கப் போகும் இடத்தில், பீரைத் தொடாமல் ஊலாங் தேநீரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். ஜப்பானியர் பேச்சைக் கேட்கும் விதத்துக்கு ஐசுச்சி என்று பெயர் என்றார். கொல்லுப்பட்டறையில் ஒருவர் சம்மட்டி இறக்கியதும் எதிரே நிற்பவர் மாற்றி இறக்குவாரே, அந்த மாற்றடிக்கான சொல். ‘நீ பேசினாய், நாங்கள் மாற்றடி அடித்தோம். கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஒப்புக்கொண்டோம் என்று யார் சொன்னது?’

எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. திண்ணையில் கதை சொல்லும்போது நான் அரைத் தூக்கத்தில் இருந்தால், ‘உம் கொட்டுடா’ என்று தொடையில் தட்டுவாள். நரி ராசாவோடு பேசியது என்பாள். உம். ஏழு கடலைத் தாண்டிப் போனான் என்பாள். உம். நரி பேசியதை நான் ஒப்புக்கொண்டேன் என்று அப்பத்தா ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த ஏழு பேரும் எனக்கு உம் கொட்டியிருக்கிறார்கள்.

‘சரி, கென்தோ ஷிமாஸ் என்றாரே?’ என்று கேட்டேன். ஹான்சோ மூச்சைப் பல்லிடுக்கில் உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தார். பதில் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ‘ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம்’ என்று எழுந்தார்கள். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்: ‘வேற எடம் பாப்போம்.’ எனக்கு அப்போது பதினோரு வயது. எனக்கே புரிந்தது. கடுதாசி வராது என்று பதினோரு வயதில் கண்டுபிடித்தவன் முப்பத்தொரு வயதில் நகோயா பக்கத்தில் அதே வாக்கியத்தைக் கேட்டு உருக்குக்கு ஆர்டர் போட்டான்.

இது ஏன் நடந்தது என்று பல ஆண்டு யோசித்திருக்கிறேன். ஜப்பானியர் நம்மைப் போல இல்லாததால் வந்த தவறு என்றால் மன்னிக்கலாம். நம்மைப் போலவே இருந்த இடத்தில் அல்லவா நான் தவறினேன்! வெளிநாட்டுக்காரன் உள்ளதை உள்ளபடி சொல்வான், சுற்றி வளைத்துப் பேசுவது நம் ஊர்க் குறை என்று எனக்குள் ஓர் எண்ணம். ஆங்கிலப் பாடப்புத்தகமும் சினிமாவும் கொடுத்தது. வெளிநாடு என்றாலே இங்கிலாந்து, அமெரிக்கா. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜப்பானைப் பார்த்தேன். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1976இல் எழுதிய நூலில், சொல்லிலேயே எல்லாவற்றையும் வைத்துப் பேசும் சமூகங்கள் என்றும், சூழலில் பாதியை விட்டுவிட்டுப் பேசும் சமூகங்கள் என்றும் பிரித்தார். ஜப்பான் இரண்டாம் வகை. நாமும் அந்தக் கரையில்தான் நிற்கிறோம் என்பது என் கட்சி. ‘பார்க்கலாம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்!

அதனால் எர்லியும் ஆங்கும் சொன்ன நான்கில் மூன்றாவதுக்குத்தான் நான் மாலை போடுவேன். தகவல் புத்தகத்தில் கிடைக்கும். அறிமுக அட்டையை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், வாங்கியதும் பார்க்காமல் சட்டைப்பையில் சொருகக் கூடாது, செருப்பைக் கழற்றினால் நுனி வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். நம் மனம் எந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இந்த முடிவுக்கு வந்தது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஒரு அடி வாங்காமல் வருவதில்லை. சுற்றுலாப் பயணிக்கு அந்த அடி விழாது. அவர் தவறாகப் புரிந்துகொண்டால் யாருடைய உருக்கும் முற்றத்தில் கிடந்து துருப்பிடிக்காது. வேலை பார்க்கப் போனவனுக்குத் தவறின் விலை உடனே தெரியும்.

அடுத்த யோசனையை நான் கூட்டத்தில் வைக்கவில்லை. நெமவாஷி என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்தார் ஹான்சோ. தோட்டக்காரர் சொல். வளர்ந்த மரத்தை வேறிடம் மாற்றுவதற்கு முன், வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பக்குவப்படுத்துவது. ஏழு பேரையும் தனித்தனியே, டீ குடிக்கும் நேரத்திலும் எந்திரத்துக்குப் பக்கத்திலுமாகப் பார்த்துப் பேசி, ஒவ்வொருவர் சொன்ன குறையையும் திருத்தி, அதற்குப் பிறகு கூட்டம். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. நம் ஊர் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது யாராவது எழுந்து சம்மதமா என்று புதிதாக விவாதம் தொடங்குவார்களா? அப்படித்தான் அந்தக் கூட்டமும்.

எட்டாவது மாதம் நான் மிகவும் வாடிப்போனேன். ‘இறைச்சி இல்லை’ என்று சொல்லிக் கொடுத்த சூப்பில் மீன் சாறு இருப்பது தெரிந்து அன்று ராத்திரி அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். இதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போய்வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்து ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955இல் எழுதினார்: ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் அங்கே இருந்தவர்கள்தான் மிகவும் தவித்திருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒப்புக்கொள்கிறேன்.

இடையில் 1998இல் எனக்கு ஒரு விடுதலை கிடைத்தது. ரஜினிகாந்தின் ‘முத்து’, ‘ஆடும் மகாராஜா’ என்ற பெயரில் டோக்கியோவில் ஓடத் தொடங்கியது. அதுவரை நான் ‘இந்தியாவிலிருந்து வந்த கணக்குப் புலி’. அதற்குப் பிறகு ஆடத் தெரிந்தவன். ஆண்டு இறுதி விருந்தில் மேசையை ஓரம் தள்ளிவிட்டு என்னை ஆடச் சொன்னார்கள். நான் பள்ளி ஆண்டு விழாவில்கூட திரை இழுத்தவன். ஆடினேன். மோசமாக ஆடினேன். மறுநாளிலிருந்து நான் செய்த தவறுகளை நேரடியாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

தவறைச் சொல்வது பற்றி ஒன்று பேச வேண்டும். ஒரு நாள் இரவு ஷிஃப்டில் என் எந்திரத்தில் அளவு பிசகியது. விடிவதற்குள் நானே சரிசெய்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. நம் ஆலைகளில் அதுதான் பொறுப்பு; கெட்ட சேதியோடு மேலதிகாரி முன் போய் நிற்பவன் கையாலாகாதவன். காலையில் ஹான்சோவுக்குத் தெரிந்தபோது அவர் முகத்தில் கோபத்தை முதல்முறையாகப் பார்த்தேன். பிசகியதற்காக இல்லை, மறைத்ததற்காக. எந்தத் தொழிலாளியும் சிக்கல் என்றால் கயிற்றை இழுத்து உற்பத்திப் பாதையையே நிறுத்தலாம், நிறுத்த வேண்டும் என்பது அங்கே விதி.

இந்தக் கயிற்றைப் பற்றி உலகறிந்த ஒரு கதை உண்டு. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. வேலைக்கு வராமல் இருப்பவர்களே 20 விழுக்காடு. தகராறுக்குப் பேர்போன ஆலை. 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக, நும்மி என்ற பெயரில் அதையே திறந்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் அதே பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். அவர்களில் நூற்றுக்கணக்கானோரைச் சில வாரம் ஜப்பானுக்கு அனுப்பி, அங்குள்ள தொழிலாளிகளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து வேலை செய்யச் சொன்னார்கள். வகுப்பறைப் பாடத்தைவிட அவர்களை அசைத்தது, ஒருவன் தடுமாறியதும் கயிறு இழுக்கப்பட்டதும் குழுத் தலைவர் ஓடிவந்து ‘என்ன உதவி வேண்டும்’ என்று கேட்டதும்தான். பாதையை நிறுத்தினால் வேலை போகும் என்று பழகியவர்கள் அவர்கள். திரும்பி வந்த பிறகு அந்த ஆலையில் வராதவர் எண்ணிக்கை 2 விழுக்காடு அளவுக்கு இறங்கியது.

கதையின் இரண்டாம் பாதியை மேலாண்மை வகுப்புகளில் இவ்வளவு உற்சாகமாகச் சொல்வதில்லை. நும்மியில் கற்றுக்கொண்ட மேலாளர்கள் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்குத் திரும்பினார்கள். இங்கொருவர் அங்கொருவராகச் சிதறிப்போனார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸ் ஆலையில் அதே முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். எடுபடவில்லை, 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. கற்றுக்கொண்டு வந்தவர்களைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் கற்றதெல்லாம் சூட்கேஸோடு பரணில் ஏறிவிடும். 2009இல் அந்தப் பெரிய நிறுவனமே திவால் மனு போட்டது. அதற்குக் காரணம் நூறு இருக்கலாம். இது அதில் ஒன்று என்பது என் எண்ணம்.

இன்னொரு காட்சியையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். டொயோட்டா நகரத்தில் ஹொமி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் போர்த்துகீசிய மொழியில் பாட்டு கேட்கும். ஜப்பானிலிருந்து ஒரு காலத்தில் பிரேசிலுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், 1990இல் குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஆலை வேலைக்காகத் திரும்பி வந்தவர்கள். முகம் ஜப்பானிய முகம். அதனாலேயே அவர்கள் பாடு என் பாட்டைவிட மோசம். நான் தவறு செய்தால் ‘வெளியூர்க்காரர், தெரியாது’ என்று விட்டுவிடுவார்கள். அவர்கள் குப்பையைத் தவறான கிழமையில் வைத்தால், எரியும் குப்பையையும் எரியாத குப்பையையும் கலந்தால், ‘இந்த முகத்தை வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாதா’ என்ற பார்வை. குப்பைத் தொட்டிக்கு மேல் போர்த்துகீசிய மொழியில் அறிவிப்பு வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை பேர் போர்த்துகீசியத்தில் ஒரு வணக்கம் கற்றுக்கொண்டார்கள் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

2007 வாக்கில் ஜப்பானில் 3 லட்சத்துக்கு மேல் பிரேசில்காரர்கள் இருந்தார்கள். உலகப் பொருளாதாரம் சரிந்து ஆலைகள் ஆட்குறைப்பு செய்தபோது, 2009இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: ஊருக்குத் திரும்பினால் வேலை இழந்தவருக்கு 3 லட்சம் யென், குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் 2 லட்சம் யென். அதே வகை விசாவில் உடனே திரும்பி வரக் கூடாது. இருபது ஆண்டு காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது.

பண்பாட்டு நுண்ணறிவு என்று பேசும்போது யார் கற்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். வளைகுடாவில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்யும் நம் பெண்ணுக்கு அந்த வீட்டின் நோன்பு, விருந்து, கோபம், பாட்டியின் மருந்து வேளை எல்லாம் தெரியும். அந்த வீட்டாரில் யாருக்கு அவள் ஊர்ப் பெயர் தெரியும்? அவளுடைய அறிவை அளக்க எந்த நிறுவனமும் வினாத்தாள் வைத்திருக்கவில்லை. வினாத்தாள் எல்லாம் விமானத்தில் முன் இருக்கையில் போகிறவர்களுக்கு.

ஆறு ஆண்டுக்குப் பிறகு திரும்பினேன். ஆய்வாளர்கள் சிலர் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எத்தனை நாடுகளில் வாழ்ந்தார் என்பதைவிட எத்தனை காலம் வெளிநாட்டில் வாழ்ந்தார் என்பதுதான் ஒருவருக்குத் தன்னைப் பற்றிய தெளிவைக் கொடுக்கிறது என்று கண்டார்கள். தெளிவு வந்ததா தெரியாது. எனக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆலையில் ஜப்பானிய ஆலோசகர் ஒருவருக்கும் நம் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றேன். ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?’ என்று கேட்பார் அவர். ‘முடியும் சார்’ என்பார்கள். பெரியவர் கேட்கும்போது முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வது மரியாதையா? வெள்ளிக்கிழமை முடிந்திருக்காது. ‘இவர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள்?’ என்று என்னிடம் வருந்தினார். சூழலில் பாதியை விட்டுப் பேசும் ஊரிலிருந்து வந்தவர்தான் அவரும்!

‘உங்கள் ஊரில் கென்தோ ஷிமாஸ் என்றால் என்ன?’ என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த நாளிலிருந்து ‘முடியுமா’ என்பதை விட்டுவிட்டு, ‘இதில் எது கஷ்டம்?’ என்று கேட்கத் தொடங்கினார். பிள்ளைகள் பதினைந்து நிமிடம் கொட்டித் தீர்த்தார்கள்.

இப்போது ஜப்பானுக்குத் திறன்தொழிலாளர் விசாவில் நம் இளைஞர்கள் போகிறார்கள். 2021இல் இரு நாட்டுக்கும் அதற்கான உடன்பாடு கையெழுத்தானது. ஜெர்மனிக்குச் செவிலியர்கள் போகிறார்கள். வளைகுடாவுக்குப் போவது நிற்கவில்லை. புறப்படும் முன் ஒரு நாள் பயிற்சி தருகிறார்கள். சட்டம், விசா, தூதரகத் தொலைபேசி எண். அவசியமானவைதான். அந்த அறையில் திரும்பி வந்தவர் ஒருவரை உட்காரவைத்து, ‘நான் எங்கே சறுக்கினேன்’ என்று ஒரு மணி நேரம் சொல்லவைக்கக் கூடாதா? மேலாளர்கள் வேண்டாம். கொத்தனார், ஓட்டுநர், வீட்டு வேலை செய்தவர். இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். இந்தத் தமிழ்த் துறை தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்து வைத்திருப்பதைப் பார்த்தேன். அதே கருவியோடு இவர்களிடமும் மாணவர்களை அனுப்புங்கள் என்று துறைத் தலைவரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அவர் இப்போது தலையை ஆட்டுகிறார். அது உம் கொட்டியதா, ஒப்புக்கொண்டதா என்று பின்னர் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜப்பானுக்குப் புறப்படும் மாணவர் இந்த அரங்கில் இருந்தால் கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். செவ்வாய், வெள்ளி மாலைகளில் வீட்டில்தான் இருப்பேன். காசு வேண்டாம், ஆனால் போன பிறகு கடுதாசி போட வேண்டும்.